நான்கு ரேம் போட்ட பின் நீலத்திரை: பழுது ரேமிலா, ஸ்லொட்டிலா?

வாவிக்கரையான், கல்லடி

வணக்கம். திருமண அல்பம் வடிவமைப்பது என் தொழில். அதற்காக 2022ஆம் ஆண்டின் இறுதியில் உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி நானே பூட்டிய கணினி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். ரைசன் 5 5600 புரொசெசர், பி550 வகை மதர்போர்ட், 8 ஜிபி அளவில் இரண்டு டிடிஆர்4 3200 ரேம்கள், 550 வாட் பவர் சப்ளை என்பன அதில் உள்ளன. சென்ற மாதம் வரை அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. பெரிய அல்பம் ஒன்றைத் திறந்து வைத்தால் 16 ஜிபி போதாமல் கணினி இழுபட்டதால், அதே நிறுவனத்தின், அதே 3200 என்று எழுதப்பட்ட இன்னும் இரண்டு 8 ஜிபி ரேம்களை வாங்கி, வெறுமையாக இருந்த இரண்டு ஸ்லொட்டுகளிலும் போட்டேன்.

அன்று தொடக்கம் நிம்மதி போயிற்று. இரண்டு நாளைக்கு ஒரு தடவை நீலத்திரை வந்து கணினி தானாக மீண்டும் தொடங்கியது. ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று எழுதியிருக்கும், இன்னொருநாள் 'பேஜ் ஃபோல்ட்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். கோப்புகளைச் சுருக்கி வைத்த ஸிப் ஒன்றை விரித்தபோது, அது பழுதடைந்துள்ளது என்ற செய்தி வந்தது. அதே கோப்பை அடுத்த நிமிடம் மீண்டும் விரித்தபோது ஒரு குறையும் சொல்லாமல் விரிந்தது. என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. களுவாஞ்சிகுடித் திருமணம் ஒன்றின் படங்களில் ஒன்றைத் திறந்தபோது, மணமகளின் நெற்றி வரை சரியாக இருந்த படம் அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது.

விண்டோஸுடன் வரும் நினைவகச் சோதனையை ஓட்டினேன், பழுதில்லை என்றது. விண்டோஸை மீண்டும் நிறுவ முயன்றேன், பாதியில் நின்றது. அக்காவின் மகன் வந்து நான்கு ரேம்களையும் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அதன் பின் குறைந்ததாகத் தெரியவில்லை. பிற்பகலில் அறை சூடேறும் நேரத்தில் கூடியது போலவே படுகிறது. புதிய ரேம்களைத் திருப்பிக் கொடுக்கலாமா, அல்லது பழுது வேறெங்காவது இருக்கிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

பட்டறை மேசை, கல்முனை

முதலில் அந்தக் கணினியில் எந்த வேலையும் செய்யாதீர்கள். விண்டோஸை மீண்டும் நிறுவவும் வேண்டாம், படங்களை 'பாதுகாப்புக்காக' வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றவும் வேண்டாம். ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதி செய்யும்போது அதன் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகவே போகிறது. ரேம் ஒரு பிட்டைத் தவறாக நினைவில் வைத்திருந்தால், அந்தத் தவறோடேயே அது டிஸ்க்கில் எழுதப்படும். கணினி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. நீங்கள் பார்த்த சாம்பல் படம் அப்படி வந்ததாகவே இருக்க வேண்டும். ஸிப் கோப்புக்குள் சரிபார்ப்பு எண் இருப்பதால் அது முறையிட்டது. ஜேபெக் படத்துக்கு அப்படியொரு காவல் இல்லை. கமராவின் கார்டுகளில் எவற்றை இன்னும் அழிக்கவில்லையோ அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

விண்டோஸின் சோதனை 'பழுது உண்டு' என்றால் நம்பலாம்; 'இல்லை' என்றால் நம்பக்கூடாது. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டால் அது நடுத்தரச் சோதனையை இரண்டு சுற்று மட்டுமே ஓட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். வேறொரு கணினியில் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். 2022இல் வந்த 6ஆம் பதிப்புக்கு முந்தியவை புதிய வகை பயோஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு மென்பொருளில்) தொடங்காது என்பதால், பழைய சீடியில் இருப்பதைத் தேடி எடுக்க வேண்டாம். அனுமதி பெறாத மென்பொருளிலிருந்து கணினி தொடங்குவதை மறிக்கும் செக்யூர் பூட் தடுத்தால் பயோஸில் அதைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். டிஸ்க் விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு விண்டோஸ் கதவைத் திறக்காது. 32 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் இரவு முழுவதும் ஓட விடுங்கள்.

பிழை வந்தால் திரையில் சிவப்பைக் கண்டதும் நிறுத்திவிடாமல், அந்த வரிகளை வாசியுங்கள். எந்த முகவரியில் பிழை, அங்கே எதிர்பார்த்த எண் என்ன, கிடைத்த எண் என்ன என்பதை அது காட்டும். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் ரேமின் உள்ளே ஒரு சில்லில் ஒரு கலம் செத்துவிட்டது என்று கொள்ளலாம். முகவரிகள் எங்கெங்கோ இருந்தாலும் தவறுவது எப்போதும் அதே பிட் என்றால், அந்தப் பிட் வந்து போகும் ஒற்றைப் பாதையில், அதாவது ரேமின் ஒரு பல்லிலோ ஸ்லொட்டின் ஒரு முள்ளிலோ புரொசெசரின் ஒரு காலிலோ தொடுகை சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும். முகவரியும் சிதறி, பிட்டும் சிதறி, ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறாக வந்தால் வேகமோ வோல்ட்டேஜோ பொருந்தவில்லை. இந்த மூன்றும் கலந்தும் வரலாம். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேம்களின் ஸ்டிக்கரில் மார்க்கர் பேனையால் 1, 2, 3, 4 என்று இலக்கமிடுங்கள். இல்லையேல் மூன்றாவது தடவை கழற்றும்போது எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

மருமகன் எந்த அழிறப்பரால் தேய்த்தார் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

கடைக்காரன், காத்தான்குடி

நான் வேறுவிதமாகச் சொல்வேன். 32 ஜிபி வேண்டுமென்றால் நான்கு 8 ஜிபியை விட, ஒரே பெட்டியில் இணையாக வரும் இரண்டு 16 ஜிபி எப்போதும் நல்லது. பெட்டியின் மேல் ஒரே பெயரும் ஒரே எண்ணும் இருந்தாலும், வேறு வேறு காலத்தில் வந்த சரக்கில் உள்ளே இருக்கும் சில்லுகள் வேறு நிறுவனத்துடையவையாக இருக்கலாம். நான்கையும் விற்றுவிட்டு ஓர் இணையை வாங்கினால் இரண்டு இரவு விழித்திருக்க வேண்டிய தேவையில்லை. மற்றது, எங்கள் பக்கத்தில் ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. இங்கே திறக்கும் கேசிங்குகளில் திருகாணிகளே உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும். பற்களைத் துடைப்பது அவசியந்தான். அழிறப்பர் நாங்கள் காலங்காலமாகப் பாவிப்பதுதான், அதனால் கெட்ட ரேம் ஒன்றையும் நான் காணவில்லை.

தகவல் தொழினுட்ப ஆசிரியை, சம்மாந்துறை

கடைக்காரர் சொன்ன முதல் விடயம் சரியானது, ஆனால் காரணம் சில்லுகளின் வேறுபாடு மட்டுமல்ல. ரைசன் 5000 வரிசைப் புரொசெசர்களுக்கு, இரண்டு ரேம் போட்டால் 3200 வரை என்றும், ஒற்றை அடுக்கு (சில்லுகள் ஒரே தொகுதியாக உள்ள) ரேம்கள் நான்கு போட்டால் 2933 வரை என்றும், இரட்டை அடுக்கு (இரண்டு தொகுதியாக உள்ள) ரேம்கள் நான்கு போட்டால் 2667 வரை என்றுமே ஏஎம்டி நிறுவனம் உத்தரவாதம் தருகிறது. புரொசெசருக்குள் இரண்டு நினைவகப் பாதைகள் உள்ளன. ஒவ்வொரு பாதையிலும் இரண்டு ஸ்லொட்டுகள் தொங்குகின்றன. இரண்டாவது ரேமைப் போடும்போது அதே கம்பியில் சுமை கூடுகிறது, சமிக்ஞையின் விளிம்பு மழுங்குகிறது, அதே வேகத்தில் ஒன்றையும் பூச்சியத்தையும் பிரித்தறிவது கடினமாகிறது. பல போர்டுகளில் கம்பிகள் ஸ்லொட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்லும்படி அமைந்திருப்பதால், இரண்டு ரேம் மட்டும் போடும்போது புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டுகளில் போடும்படி கைந்நூல் சொல்கிறது. போர்டில் அவை ஏ2, பி2 என்று குறிக்கப்பட்டிருக்கும்.

இன்னுமொன்று. ரேமின் ஸ்டிக்கரில் உள்ள 3200 என்பது பெரும்பாலும் அதன் இயல்பான வேகம் அன்று. பயோஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கும்போதே அந்த வேகம் கிடைக்கிறது. அதற்காக வோல்ட்டேஜும் டிடிஆர்4இன் நியம அளவான 1.2இலிருந்து வழக்கமாக 1.35க்கு உயர்த்தப்படுகிறது. எக்ஸ்எம்பியை அணைத்தால் ரேம் 2133, 2400, 2666 போன்ற அடிப்படை வேகம் ஒன்றில் ஓடும். நான்கும் அந்த வேகத்தில் சுத்தமாக ஓடினால், ரேமில் குற்றமில்லை, நாம் கேட்ட வேகத்திலேயே குற்றம். ஆகவே விற்பதற்கு முன் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வாவிக்கரையான், கல்லடி

எல்லோருக்கும் நன்றி. மூன்று இரவுகள் கழிந்துவிட்டன. கண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

நான்கு ரேமும் எக்ஸ்எம்பியுடன்: முதற்சுற்றிலேயே பிழைகள் கொட்டின. எக்ஸ்எம்பியை அணைத்து நான்குடனும் ஓட்டினேன்: பிழைகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. இங்கேதான் நான் குழம்பினேன். ஆசிரியை சொன்னபடி பார்த்தால் நின்றிருக்க வேண்டும் அல்லவா? பிறகு கல்முனை அண்ணன் சொன்னபடி இலக்கமிட்டு, எக்ஸ்எம்பி இல்லாமல், ஒவ்வொரு ரேமையும் தனியே ஏ2இல் போட்டு இரண்டு சுற்று ஓட்டினேன். நான்குமே சுத்தம். பழையவையும் சுத்தம், புதியவையும் சுத்தம்.

அடுத்ததாக 1, 2 ஆகிய பழைய இரண்டையும் முன்பு இருந்தபடியே ஏ2, பி2இல் போட்டேன். பிழை வந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் வந்தது. முகவரிகள் வேறு வேறாக இருந்தன, ஆனால் எதிர்பார்த்த எண்ணில் எல்லாம் எஃப் என்று இருக்கும் வரிகளில், கிடைத்த எண்ணில் ஒரே இடத்தில் மட்டும் டி என்று இருந்தது. கைத்தொலைபேசியால் எடுத்த ஆறு படங்களிலும் அதே இடம், அதே டி. அழிறப்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலமாக இருக்கும் வகை. நீலப் பக்கம் அழுத்தமாகத் தேய்க்கும் என்பதால் அதைத்தான் பாவித்தானாம்.

பட்டறை மேசை, கல்முனை

அந்த 'டி'யிலேயே விடை இருக்கிறது. அங்கே காட்டப்படுவது பதினாறடி எண்முறை. அதில் எஃப் என்பது நான்கு ஒன்றுகள், 1111. டி என்பது 1101. அதாவது ஒன்றாக இருக்க வேண்டிய ஒரே ஒரு பிட் பூச்சியமாக வாசிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே பிட். ரேமை மாற்றினாலும் அது மாறவில்லை, ஏ2இல் தனியே போட்டால் வரவில்லை. ஆகவே பழுது ரேமில் இல்லை. பி2 ஸ்லொட்டில், அல்லது அதற்கப்பால் புரொசெசர் அமர்ந்திருக்கும் சொக்கெட்டில் இருக்கிறது. ஸ்லொட்டை முதலில் பாருங்கள். கூலரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். உங்கள் புரொசெசர் ஏஎம்4 வகை. அதன் கால்கள் புரொசெசரிலேயே இருக்கின்றன. இறுகிய பசையோடு கூலரை நேராகத் தூக்கினால் புரொசெசரும் சேர்ந்து பிடுங்கப்பட்டு வந்து கால்கள் வளையும். என் மேசைக்கு அப்படி வந்தவை பல. கழற்றத்தான் வேண்டுமென்றால் கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கிய பின் அணைத்து, கூலரை மெல்ல இடம் வலமாகத் திருகி விடுவித்த பிறகே தூக்க வேண்டும்.

மின்னிணைப்பைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை இறக்குங்கள். கேசிங்கைப் படுக்க வைத்து, பி2 ஸ்லொட்டுக்குள் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஸ்லொட்டின் இரு பக்கச் சுவர்களிலும் முட்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் நிறம் மாறிய இடம் ஏதும் உண்டா என்று தேடுங்கள்.

காத்தான்குடி நண்பருக்கு ஒரு வார்த்தை. சிவப்புப் பக்கத்தால் மெல்லத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டுப் போட்டால் பெரிய கேடில்லை. நானும் ஒரு காலத்தில் செய்ததுதான். நீலப் பக்கம் மை எழுத்தைச் சுரண்டுவதற்காகவே உராயும் தூள் கலந்து செய்யப்பட்டது. ரேமின் பற்களில் உள்ள பொன் முலாம் மிக மெல்லியது. அதைச் சுரண்டினால் நீங்கள் சொல்லும் அதே உப்புக் காற்றுக்கு அடியிலுள்ள உலோகத்தைத் திறந்துவிடுகிறோம். ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒரே திசையில் துடைத்து உலர விட்டால் போதும்.

வாவிக்கரையான், கல்லடி

கண்டுபிடித்துவிட்டேன். பி2 ஸ்லொட்டின் நடுப் பிரிவுக்குச் சற்று அப்பால், முட்களின் இடையே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், கசகசா அளவில் மூன்று துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சந்தேகமே இல்லை, அழிறப்பர்த் துகள்தான். வாயால் ஊதப் போய், எச்சில் ஈரம் பட்டுவிடும் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். லென்ஸ் தூசியை ஊதுவதற்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதியும் மென்மையான தூரிகையும் கைவசம் இருந்தன. இரண்டு துகள்கள் ஊதியதிலேயே பறந்தன. மூன்றாவதைத் தூரிகை நுனியால் பத்து நிமிடம் மெல்ல மெல்ல வருடித்தான் வெளியே எடுக்க முடிந்தது. மற்ற மூன்று ஸ்லொட்டுகளையும் ஊதிவிட்டு, ரேம்களின் பற்களை அற்ககோலால் துடைத்தேன்.

இப்போது எக்ஸ்எம்பி இல்லாமல் நான்கும் ஓர் இரவு முழுவதும் ஓடி, ஒரு பிழையும் இல்லை. ஆனால் 3200 எக்ஸ்எம்பியை இயக்கியதும் இரண்டாம் சுற்றில் ஒன்பது பிழைகள் வந்தன. இம்முறை இடமும் பிட்டும் சிதறியிருந்தன. ஆசிரியை சொன்ன 2933ஐ எக்ஸ்எம்பியின் மற்ற அமைப்புகளை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் குறைத்துப் போட்டேன். நேற்று மாலை ஆறு மணியிலிருந்து இன்று பிற்பகல் இரண்டு மணி வரை, அறை நன்றாகச் சூடேறும் நேரத்தையும் தாண்டி, சுத்தமாக ஓடியது. அப்படியானால் முதலில் இருந்த பழுது வேகத்தினாலும், இரண்டாவது பழுது முதலாவதைத் திருத்தப் போனதாலும் வந்தவை என்று விளங்கிக்கொள்வது சரிதானே?

தகவல் தொழினுட்ப ஆசிரியை, சம்மாந்துறை

சரியே. எக்ஸ்எம்பியை அணைத்தபோது பிழை குறைந்தும் நிற்காமல் இருந்ததன் காரணம் அதுதான்: இரண்டில் ஒன்று மட்டுமே அப்போது விலகியது. 2933இலேயே விட்டுவிடுங்கள். வோல்ட்டேஜைக் கூட்டி 3200ஐ எட்ட முயலலாம், ஆனால் அல்பம் வடிவமைப்பில் அந்த வேக வேறுபாட்டை நீங்கள் உணரப் போவதில்லை. 16 ஜிபி 32 ஆனதைத்தான் உணர்வீர்கள்.

விண்டோஸை இனி அவசியம் புதிதாக நிறுவுங்கள், ஏனெனில் பழுதான நாட்களில் வந்த அப்டேட்டுகளில் எது தவறாக எழுதப்பட்டது என்று தெரியாது. படங்களுக்கு, கார்டில் உள்ள மூலத்தையும் டிஸ்க்கில் உள்ள பிரதியையும் ஹேஷ் எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிடலாம். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளை எஸ்எச்ஏ 256 முறையில் அதைத் தரும். பிரதி செய்த கையோடு ஹேஷ் எடுக்க வேண்டாம். அப்போது விண்டோஸ் டிஸ்க்கைப் பார்க்காமல் ரேமில் மிச்சமிருக்கும் பிரதியையே வாசித்துச் சொல்லக்கூடும். ஒருமுறை மீண்டும் தொடக்கிவிட்டு எடுங்கள்.

வாவிக்கரையான், கல்லடி

ஒப்பிட்டு முடித்தேன். கார்டு கைவசம் இருந்த இரண்டு திருமணங்களில் பதினொரு படங்கள் வேறுபட்டன. அவற்றில் நான்கை மட்டுமே கண்ணால் பார்த்துப் பழுதென்று சொல்ல முடிந்தது. மற்ற ஏழும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லாவற்றையும் கார்டிலிருந்து மீண்டும் எடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் களுவாஞ்சிகுடித் திருமணத்தின் கார்டை நான் ஏற்கெனவே கமராவில் ஃபோர்மட் செய்துவிட்டேன். நெற்றி வரை வந்த படம் தாலி கட்டிய கணத்துக்கு அடுத்தது. அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

பட்டறை மேசை, கல்முனை

ஃபோர்மட் செய்த பின் அந்தக் கார்டில் ஒரு படமாவது எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் நம்பிக்கை உண்டு. கமரா பொதுவாக ஃபோர்மட் செய்யும்போது அட்டவணையை மட்டுமே அழிக்கிறது, படங்களின் தரவு அடியில் அப்படியே கிடக்கும். கார்டின் பக்கத்தில் உள்ள சிறிய பூட்டை இப்போதே தள்ளி மூடிவிடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்ட படங்களைக் கார்டுக்கே எழுதாமல் டிஸ்க்கில் வேறொரு கோப்புறையில் சேமியுங்கள். கோப்புப் பெயர்கள் திரும்பி வரமாட்டா. படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் என்பதால், தாலி கட்டிய நேரத்தை வைத்துத் தேடினால் அகப்படும். கிடைத்ததா என்று எழுதுங்கள். அதுவரை மணமக்கள் வீட்டுத் தொலைபேசி அழைப்பை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நாளை காலை வரை பொறுக்கலாம்.